சோர்வா, அழுத்தமா?

வங்கக் கடலில் உருவாவது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 1929-இல் அமெரிக்காவில் தொடங்கி உலகத்தையே முடக்கியது பெருமந்தம். எதிலும் மனம் ஒட்டாமல் ஒருவர் நாள்கணக்கில் கிடந்தால் அது மனச்சோர்வு. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான்: டிப்ரஷன். கடலுக்கும் சந்தைக்கும் மனத்துக்கும் தனித்தனிச் சொல் கண்ட வகையில் தமிழ் கொடுத்துவைத்த மொழி. கிடைத்ததை நாம் ஒழுங்காகப் புழங்குகிறோமா என்பது வேறு கதை.

முதலில் அந்த ஆங்கிலப் பெயர். லத்தீனில் 'டெப்ரிமெரே' என்றால் கீழ்நோக்கி அழுத்துவது. நோய்க்குப் பெயராக இது வந்தது மிகவும் பிந்தித்தான். அதற்கு முன் ஆண்டது மெலன்கோலியா. கிரேக்கத்தில் மெலாய்னா கறுப்பு, கோலே பித்தம். உடலில் கரும்பித்தம் மிகுந்தால் துயரம் வரும் என்பது அவர்கள் கணக்கு. பித்தத்திலிருந்து பித்தும் பித்தனும் பிறந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அச்சமும் துயரமும் நெடுநாள் நீடித்தால் அது மெலன்கோலியா என்று ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் மருத்துவ மொழிகளில் ஒன்று சொல்கிறது. கரும்பித்தம் என்ற விளக்கம் போய்விட்டது. 'நெடுநாள்' என்ற அளவுகோல் இன்றும் நிற்கிறது.

மெலன்கோலியாவை விட்டு டிப்ரஷன் என்றே சொல்வோம் என்று 1904-இல் வாதிட்டவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர். நோயின் கொடுமையைத் தானே அனுபவித்த நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன், 1990-இல் வெளியான தம் நூலில் இதற்காக மேயரைச் சாடுகிறார். சந்தைச் சரிவுக்கும் தரையில் விழுந்த பள்ளத்துக்கும் சொல்கிற சொல்லை இந்த நோய்க்குச் சூட்டலாமா என்பது அவர் கோபம். நியாயமான கோபம்தான்.

தமிழில் நடந்தது இன்னும் வேடிக்கை. டிப்ரஷனை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'அழுத்தம்'. ஸ்ட்ரெஸ்ஸும் அழுத்தம். ஆகவே செய்தித்தாள்களில் இரண்டுமே 'மன அழுத்தம்' ஆயின. வானிலைக்காரர்கள் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் பெயரை, மனத்தில் அழுத்தம் கூடியதாக நாம் எழுதுகிறோம். இது வெறும் இலக்கணக் குறையன்று. தேர்வு நெருங்குகிறது, கடன் தவணை நெருங்குகிறது. அப்போது வரும் படபடப்பு மன அழுத்தம். தேர்வு முடிந்தால், தவணை கட்டினால், பெரும்பாலும் அது தணியும். மனச்சோர்வு அப்படியல்ல; காரணம் விலகிய பிறகும் தங்கிவிடக்கூடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால், "ரெண்டு நாள் லீவு போடு, சரியாயிடும்" என்ற ஒரே வைத்தியத்தை இரண்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'சோர்' என்னும் வேர்ச்சொல்லைப் பார்த்தால் மனச்சோர்வு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். வழிதல், நழுவுதல், தளர்தல் எல்லாம் அதன் பொருள்கள். கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், கட்டிய துகில் சோரும். பிடிப்பு விட்டதெல்லாம் சோர்வு. வள்ளுவரிடம் இது பிடி நழுவிய கவனத்தைக் குறிக்கிறது. பேச்சில் வரும் தவறு அவருக்குச் சொல்லின்கண் சோர்வு. பொச்சாவாமை அதிகாரத்திலோ, அளவு மீறிய மகிழ்ச்சியில் வரும் மறதியும் சோர்வுதான். மகிழ்ச்சி மிகுந்து வந்த சோர்வு, மகிழ்ச்சியே அற்றுப்போன நிலைக்குப் பெயரானது சுவையான பயணம். மேலிருந்து யாரோ அழுத்துவதாகச் சொல்கிறது லத்தீன். உள்ளிருந்து பிடி தளர்வதாகச் சொல்கிறது தமிழ். நோயாளிகள் சொல்வதும் இரண்டாவதைத்தான்: "எதுலயும் மனசு ஒட்டல."

இந்தச் சொல்லுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சோர்வுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது சோம்பல். குளிக்காமல், போனை எடுக்காமல், சமைத்ததை மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று வீடு முடிவு கட்டிவிடும். சோம்பேறிக்குச் செய்யாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. சோர்ந்தவருக்கு அந்தச் சுகம்கூடக் கிடையாது. செய்யவில்லையே என்ற குற்ற உணர்வுதான் மிச்சம்.

லேசான நிலையில் மனச்சோர்வு இன்னும் ஏமாற்றும். வேலைக்குப் போவார், சிரிக்கவும் செய்வார். 2001-இல் வெளியான பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள், கடந்த 2 வாரங்களை வைத்து 9 கேள்விகள் கேட்கிறது: ஆர்வம், துயரம், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்ந்த எண்ணம், கவனம், மந்தம் அல்லது பரபரப்பு, கடைசியாகச் சாவு பற்றிய எண்ணம். மொத்த மதிப்பெண் 27; அதில் 5 முதல் 9 வரை வந்தால் லேசானது. இது நோயை உறுதிசெய்யாது, மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும். கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் காத்திருக்கக் கூடாது. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே வேடம் போடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை வழக்கமாகத் தேவையில்லை என்பது பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல். பேச்சுவழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் முன்னே வருகின்றன. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் வளர்த்த கருத்து எனக்கு மிகவும் பிடித்தது. செயல் குறையக் குறைய இன்பம் தரும் அனுபவங்கள் குறைகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. அதனால் செயல் மேலும் குறைகிறது. "மனசு வந்தா செய்யறேன்" என்பதை அவர் தலைகீழாக்கினார்: செய்தால் மனசு வரும். மாலையில் தெருமுனைவரை நடப்பது, நிறுத்திவிட்ட கோலத்தை மறுபடி போடுவது, குறித்த நேரத்தில் எழுவது. சிறிதாக, நேரம் குறித்து, விருப்பம் வரக் காத்திராமல். மதுவால் மறக்கப் பார்ப்பது சோர்வைக் கூட்டவே செய்யும்.

லேசாகவே இருந்து வருடக்கணக்கில் நீள்வதற்கும் ஒரு பெயர் உண்டு: டிஸ்தைமியா. கிரேக்கத் 'தைமோஸ்' நெஞ்சின் ஊக்கம். 'டிஸ்' அதன் கேடு. 1980-இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இதைத் தனி நோயாக்கியது. பெரியவர்களுக்கு 2 ஆண்டு, சிறுவர்களுக்கு 1 ஆண்டு நீடிக்க வேண்டும். 2013-இல் அதே கையேடு 'நீடித்த மனச்சோர்வு' என்று பெயர் மாற்றியது. நம் வீடுகளில் இதற்கு வழங்கும் பெயர் "அவர் எப்பவுமே அப்படித்தான்". சுபாவம் என்று எழுதிவிட்டால் யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. ஆனால் இதற்குச் சிகிச்சை உண்டு. நடையும் கோலமும் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம், மருந்தும் வேண்டியிருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்குபவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.