அரிவாள் செல் ரத்தசோகை: பரிசோதனைக்குப் பின் வாழ்நாள் பராமரிப்பு
ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் இம்மரபணு நோய், இந்தியாவில் முதன்முதலில் 1952-ல் நீலகிரி பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. இதனை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிவைத்தார். 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இலக்கு.

பரிசோதனை தொடக்கம் மட்டுமே. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 5 வயது வரை பென்சிலின் தேவை; காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மண்ணீரல் திடீரென வீங்குவது உயிருக்கே ஆபத்து என்பதால், வயிற்றைத் தொட்டு அதனை அறியப் பெற்றோருக்குக் கற்றுத்தரப்படுகிறது. வளர்ந்தபின் நீர்ச்சத்துக் குறைவு, குளிர், கடும் உழைப்பு ஆகியவை வலியைத் தூண்டும். கூலி வேலை செய்வோருக்கு இவற்றைத் தவிர்ப்பது எளிதல்ல. ஹைட்ராக்ஸியூரியா வலி நெருக்கடிகளைக் குறைக்கும். எனினும், கருத்தரிக்க விரும்பும் பெண்கள் அதுகுறித்து முன்கூட்டியே மருத்துவரிடம் ஆலோசிப்பது அவசியம். வயது கூடும்போது சிறுநீரகம், கண்களுக்கும் தொடர் கண்காணிப்பு வேண்டும்.