பாலை மரமும் அந்துப்பூச்சியும்



செம்பனைத் தோட்டத்தில் வாழும் நம்மில் வயதானவர்கள் சிலருக்கு ஒரு வேலை நினைவிருக்கும். 1981ஆம் ஆண்டுக்கு முன்பு, ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, டால்க் மாவுடன் கலந்து, பீச்சுகுழாயில் நிரப்பிக்கொண்டு, மரம் மரமாகச் சென்று பெண் பூக்களின் மேல் தூவவேண்டும். என் தாயார் திருமணமான புதிதில் இந்த வேலையைச் செய்தவர். முள் கிழித்த தழும்பு அவர் கையில் இன்னும் இருக்கிறது. "பூவுக்குப் பூ கல்யாணம் பண்ணி வைக்கிற வேலை" என்று அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். மனிதர் கையால் செய்த அந்த வேலையை, அதே ஒழுங்கோடு, தெரிந்தே செய்வதுபோல் செய்கிற பூச்சி ஒன்று உலகில் உண்டு. அதை மனிதர்கள் கண்டறிந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதற்கு நாம் மழைக்காட்டை விட்டு வெகுதூரம் போகவேண்டும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களிலும் பரவிக் கிடப்பது மொஹாவி பாலைவனம். பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நமக்குத் தோன்றும். இது அப்படியன்று. இதன் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலே உள்ள மேட்டுநிலம். கோடையில் நெருப்பாய்க் கொதிக்கும். குளிர்காலத்தில் பனி பெய்யும். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பல இடங்களில் 13 சென்டிமீட்டர் மழைகூடக் கிடைப்பதில்லை. நம் தோட்டங்களில் ஆண்டுக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் பெய்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு ஒரு நல்ல மழை வாரத்தில் பெய்வது அவர்களுக்கு ஓராண்டுச் சொத்து.

அந்த மேட்டுநிலத்தின் அடையாளம் யோசுவா மரம். கத்திபோன்ற இலைகளைக் கிளை நுனிகளில் கொத்தாக வைத்துக்கொண்டு, கைகளை வானத்தை நோக்கித் தூக்கிய மனிதனைப்போல் நிற்கும். அவ்வழியே சென்ற மோர்மன் சமயத்தார், வேதாகமத்தில் வரும் யோசுவாவை நினைத்து அப்பெயரை வைத்தனர் என்பது வழக்குக் கதை. 1844இல் அப்பக்கம் பயணம் செய்த ஜான் பிரிமாண்ட் என்ற படை அதிகாரிக்கோ அது சற்றும் பிடிக்கவில்லை. தாவர உலகிலேயே அருவருப்பான மரம் என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். அவருக்கு வெகுகாலம் முன்பே அங்கு வாழ்ந்த கவீயா போன்ற பழங்குடி மக்கள், அதன் நாரால் செருப்பும் கூடையும் முடைந்து, பூமொட்டையும் விதையையும் உணவாக்கி வந்தனர். மரத்தோடு வாழ்ந்தவனுக்கும் வழிப்போக்கனுக்கும் பார்வை வேறுபடுவது இயற்கைதானே.

வசந்த காலத்தில் இம்மரம் வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒவ்வோராண்டும் பூக்கும் என்று சொல்வதற்கில்லை. மழையும் குளிரும் சரியாக அமையவேண்டும். மகரந்தம் சற்றுக் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அப்படியானால் காய் எப்படிப் பிடிக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடை முதலில் பாலைவனத்தில் கிடைக்கவில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தில், வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த யோசுவா மரத்தின் உறவினச் செடியில்தான் கிடைத்தது. அந்த இனத்துக்கு யூக்கா என்று பெயர். அந்நகரில் ஜார்ஜ் எங்கெல்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இருந்தார். நோயாளிகளைப் பார்த்தது போக மிஞ்சிய நேரமெல்லாம் அவருக்குச் செடிகொடிகள்தான். யோசுவா மரத்திற்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே. 1872இல் யூக்காப் பூக்களை ஆராய்ந்தபோது, அவை பூச்சியின் உதவியின்றிக் காய்க்க முடியாது என்பதையும், பூவுக்குள் சின்னஞ்சிறு வெள்ளை அந்துப்பூச்சிகள் தங்கியிருப்பதையும் கண்டார். பூச்சி தம் துறை அன்று என்பதால், மிசூரி மாநிலத்தின் பூச்சியியல் அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் வாலன்டைன் ரைலியிடம் அதை ஒப்படைத்தார்.

ரைலியைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1843இல் லண்டனில் பிறந்தவர். பதினேழு வயதில் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்து பண்ணையில் வேலை செய்தவர். பிறகு விவசாயப் பத்திரிகையில் எழுதி, படம் வரைந்து, பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கவனித்தே அறிஞரானவர். புகைப்படக் கருவியால் பறக்கும் சிறு பூச்சியை இருட்டில் பிடிக்க முடியாத அக்காலத்தில், அவருடைய கண்ணும் பென்சிலும்தான் கருவி.

யூக்காப் பூ இரவில்தான் நன்றாக விரியும். ரைலி விளக்கை எடுத்துக்கொண்டு பூவருகே காத்திருந்தார். அவர் கண்டது இது: பெண் அந்துப்பூச்சி மகரந்தக் காம்பில் ஏறி மகரந்தத்தைச் சுரண்டி எடுக்கிறது. எடுத்ததை உருண்டையாக்கித் தன் கழுத்தடியில் இடுக்கிக்கொள்கிறது. அதற்கென்றே அதன் வாயருகே சுருண்ட கைகள்போல் இரண்டு உறுப்புகள் உள்ளன. வேறொரு பூவுக்குப் பறந்து செல்கிறது. பூவின் சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. அத்துடன் போய்விடவில்லை. சூல்தண்டின் உச்சிக்கு ஏறி, உருண்டையிலிருந்து சிறிது கிள்ளி, சூல்முடியின் குழியில் வைத்துத் திணிக்கிறது. தேனுக்காக வந்து தற்செயலாகத் தூளைச் சிந்திவிட்டுப் போகிற வண்டைப்போல் அன்று. நம் தாய்மார்கள் செய்த வேலையைப்போல், ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் கொண்டு சேர்க்கிற வேலை.

பூச்சிக்கு என்ன லாபம்? முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு வளரும் விதைகளே உணவு. விதை வேண்டுமானால் பூ காயாகவேண்டும். புழுக்கள் சில விதைகளைத் தின்னும், மீதி மரத்துக்கு. புழு பின்னர் காயைத் துளைத்து வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து கூடு கட்டிக் கிடக்கும். மரமும் ஏமாளி அன்று. யூக்காவின் ஒரு வகையை ஆராய்ந்தவர்கள், மிக அதிகமாக முட்டையிட்ட பூக்களைச் செடியே உதிர்த்துவிடுவதை 1994இல் வெளியிட்டனர்.

ரைலி தம் கண்டுபிடிப்பை 1872இலேயே அறிவித்தார். சார்ல்ஸ் டார்வின் அதைப் படித்து, அதுவரை வெளிவந்த மகரந்தச் சேர்க்கைச் செய்திகளிலேயே மிக வியப்பானது இதுதான் என்று நண்பருக்கு எழுதினார். ஆனால் எல்லாரும் நம்பிவிடவில்லை. "அந்தப் பூச்சியைப் பிடித்துப் பார்த்தோம், அப்படிப்பட்ட கைகளே அதற்கு இல்லை" என்று வேறு பூச்சியியலாளர்கள் மறுத்தனர். அவர்களும் பொய் சொல்லவில்லை. யூக்காவில் பார்வைக்கு அதைப்போன்றே இன்னொரு வெள்ளை அந்துப்பூச்சி வாழ்கிறது. அதற்குக் கையும் இல்லை, அது மகரந்தம் சேர்ப்பதும் இல்லை. முதற்பூச்சியின் உழைப்பில் விளைந்த செடியில் ஒட்டி வாழ்கிறது. ரைலி கோபப்பட்டிருக்கலாம். ஆனால் மீண்டும் மீண்டும் பார்த்து, இரண்டையும் பிரித்துக் காட்டி, 1880இல் அந்த இரண்டாம் பூச்சிக்கு ஏமாற்றும் பூச்சி என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். பின்னர் 1892இல் யோசுவா மரத்துக்கே உரிய அந்துப்பூச்சியையும் அவரே பெயரிட்டு விவரித்தார். வேறெந்தப் பூச்சியும் அம்மரத்துக்கு இந்த வேலையைச் செய்வதில்லை என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது.

மரம் காய்ப்பதன் இரகசியம் தெரிந்துவிட்டது. மரத்தைக் காப்பார்தான் இல்லை. மோட்டார் வண்டி பெருகியதும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் பாலைவனத்துக்கு வந்து, வீட்டுத் தோட்டத்துக்கென்று கள்ளிகளையும் மரங்களையும் பெயர்த்து லாரியில் ஏற்றினர். இரவில் வழி தெரிவதற்காக யோசுவா மரத்துக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. இதைக் கண்டு பொறுக்காதவர் மினர்வா ஹோய்ட் என்ற அம்மையார். மகனையும் கணவரையும் இழந்த துயரத்தில் பாலைவனத்தில் ஆறுதல் தேடியவர். அரசாங்கத்துக்கு மனு எழுதினால் மட்டும் போதாது, பாலைவனத்தையே பார்க்காதவர்களுக்கு அதைக் காட்டவேண்டும் என்று அவர் எண்ணினார். 1928இல் நியூயார்க்கில் நடந்த மலர்க் கண்காட்சியில் பாலைவனச் செடிகளைக் கொண்டுபோய் வைத்தார். பின்னர், பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் இருந்த ஸ்டீபன் வில்லார்ட் என்ற புகைப்படக் கலைஞரைக்கொண்டு மரங்களையும் பூக்களையும் படமெடுக்கச் செய்து, அவற்றை ஆல்பமாக்கி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பார்வைக்கு வைத்தார். 1936 ஆகஸ்ட் 10ஆம் நாள் சுமார் 825,000 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. 1994இல் அது தேசியப் பூங்காவாயிற்று. மனுவுக்கு அசையாத கோப்பு படத்துக்கு அசைந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கதை அத்துடன் முடிந்ததாக எண்ணியிருந்தவர்களுக்கு 2003இல் ஒரு புதுச்செய்தி வந்தது. ஓலே பெல்மிர், காரி செக்ரேவ்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், யோசுவா மரத்துக்கு ஒரு பூச்சியன்று, இரண்டு பூச்சிகள் என்று காட்டினர். மேற்கே பெரியது, கிழக்கே சிறியது. மேற்கு மரப்பூவின் சூல்தண்டு நீளம், கிழக்கில் குட்டை. முட்டையிடும் ஊசியின் நீளமும் அதற்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. நெவாடாவில் டிக்காபூ பள்ளத்தாக்கில் மட்டும் இரண்டு வகை மரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆய்வாளர்கள் அங்கே முகாமிட்டு, எந்தப் பூச்சி எந்த மரத்துக்குப் போகிறது என்று கவனித்துவருகின்றனர். அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய ஓர் உயிருக்காக நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதர்கள் கண்விழித்திருக்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிவிட்டுப் போவோம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டபோது மரம் வந்தது. அதன் பூச்சி வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று பலரும் நம்பியதால், காய்ப்புக் குறைந்த இடங்களில் ஆள் வைத்துத் தூவினார்கள். கேமரூன் நாட்டில் ஆண் பூக்களில் வண்டுகள் மொய்ப்பதைக் கண்ட லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி அதை நம்ப மறுத்தார். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் அங்கே சென்று ஆராய்ந்து, வேலை செய்வது ஒரு சிறிய கூன்வண்டு என்று நிறுவினார். 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் அந்த வண்டு விடப்பட்டது. விரைவிலேயே நாடெங்கும் பரவியது. கையால் தூவும் வேலை நின்றது. என் தாயார் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். "முள்ளிலிருந்து தப்பித்தோம், ஆனால் அந்தக் கூலியும் போச்சு" என்பார். இரண்டும் உண்மை.

பூத்த ஆண் குலையின் பக்கத்தில் போனால் சோம்பு வாசம் அடிக்கும். அங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள், வண்டுகள் தெரியும். நான் மாணவர்களைக் கூட்டிச்சென்று கைப்பேசியில் படமெடுக்கச் சொல்வதுண்டு. முதல் பத்துப் படங்களில் வண்டு இருக்காது. பதினோராவதில் இருக்கும்.

மொஹாவியில் இப்போதைய கவலை தீ. 2020 ஆகஸ்டில் மின்னல் தாக்கி, சீமா மேட்டில் 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. சுமார் 13 லட்சம் யோசுவா மரங்கள் அழிந்ததாகக் கணக்கிட்டனர். 2023இல் அருகிலேயே மற்றொரு பெருந்தீ. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய புல் காய்ந்து கிடப்பதால் தீ மரத்திலிருந்து மரத்துக்குத் தாவுகிறது. எரிந்த நிலத்தில் தொண்டர்கள் கன்று நட்டிருக்கிறார்கள். வண்டி போகாத இடங்களுக்கு ஒட்டகத்தின்மேல் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கன்றுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே வளரும். முதற்பூ பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பூக்கும் நாளில், எரியாமல் தப்பிய ஓரத்து மரங்களிலிருந்து அந்துப்பூச்சி வந்து சேரவேண்டும்.