அலை வராத மத்தியானம்

2004 டிசம்பர் 26, காலை 6.29-க்கு சுமத்ரா பக்கம் பூகம்பம். அலை காரைக்கால் கரையைத் தொட ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு; ஆனா முன்கூட்டி சொல்ல ஆளே இல்ல. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-லதான்.

2012 ஏப்ரல் 11, மத்தியானம். மறுபடி சுமத்ரா, 8.6. இந்த முறை எச்சரிக்கை வந்தது. எங்க சுரக்குடி கடலை விட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கு, இருந்தும் அம்மா என் கையை விடவே இல்ல. நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால பெரிய அலை வரல. என் வேலையில இதுக்குப் பேரு ஃபால்ஸ் அலாரம்.

தெரபிஸ்டுகள் தினசரிப் பதற்றத்தையும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறாங்க. எச்சரிக்கையே இல்லாம அடிவாங்கின மனசு, அப்புறம் லாரி போற அதிர்வுக்கும் அலாரம் அடிக்கும். விலகி ஓடினா சத்தம் கூடும். பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா திரும்பிப் போனா குறையும்.

அம்மா இன்னும் பீச்சுக்கு வர்றதில்ல. போன வாரம் அரசலாறு பாலம் வரைக்கும் வந்தாங்க.