முரசொலியும் மண்சரிவும்: கண்டியில் அறிவித்தலின் வரலாறு

கண்டி இராச்சியத்தில் அரச கட்டளைகள் முரசறைந்து அறிவிக்கப்பட்டன. சிங்களத்தில் அதனை 'அண பெர' என்பர். எழுத்தறியாதவரையும் முரசொலி சென்றடைந்தது.

1815 இல் இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. ஆட்சிமொழியோ ஆங்கிலம். 1956 இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழியாயிற்று. 1987 இன் 13 ஆவது திருத்தமே தமிழுக்கும் அந்நிலையை வழங்கியது.

அதே 1987 இல் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தையும் இங்கு நோக்குதல் வேண்டும். அதன் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்களது லயன்களுக்குப் பாதை அமைக்க இயலாதிருந்தது. 2018 இலேயே அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுகளாகச் சேவை செல்லாத இடத்துக்குச் செய்தி மட்டும் எங்ஙனம் சென்றிருக்கும்?

வெப்பமேறிய வளி கூடுதலான நீராவியைத் தாங்குவதால் பெருமழைகள் கடுமையாகின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 எனில் ஆயத்தம், 150 எனில் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அளவுகோல். அளவுகோல் இருந்தும் பயனில்லாமற் போகலாம் என்பதற்கு 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டமை சான்று. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியில்லாத எச்சரிக்கை வெறுங் காகிதமாகவே எஞ்சியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் மேல். அவசர அறிவித்தல்கள் பல தமிழில் தாமதமாகவே வந்தன, சில வரவேயில்லை என்ற கண்டனம் அப்போது பரவலாக எழுந்தது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிவுற்று, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை, மக்கள் அணுகக்கூடிய வட்டார உறுப்பினர் எவரும் பதவியில் இருக்கவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது.

குப்பை தரம்பிரித்தல், மரநடுகை முதலியவற்றுக்கான அறிவித்தல் ஒரு வாரம் பிந்தினால் நட்டம் சிறிது. மண்சரிவு எச்சரிக்கை ஒரு மணித்தியாலம் பிந்தினால் உயிர் போகும். எனவே சிங்களத்தில் வெளியாகும் அதே வேளையில் தமிழிலும் அறிவித்தல் வெளியாகவேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் அதனை ஒலிபெருக்கியில் வாசிக்கப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். வெளியேறுவோர் தங்குமிடமும் அதிலேயே குறிக்கப்படவேண்டும். கண்டியின் சபைகள் அடுத்த பருவமழைக்கு முன்னர் செய்யவேண்டிய பணி இதுவே.