இருபத்தேழு வயதில் நின்ற ஆட்டம்

சாயங்காலத்தில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகப் போய்ப் பாருங்கள். மணலில் பந்து உதைக்கும் பையன்களின் பனியன்களில் மெஸ்ஸி, ரொனால்டோ! தப்பில்லை. ஆனால், 'துளசிதாஸ் பலராம்' என்று சொன்னால், 'யார் ஸார் அது?' என்பார்கள்.

நம்ம ஆள்தான்! 1936-ல் செகந்திராபாத் பக்கம் அம்முகுடா கிராமத்தில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் கண்டெடுத்தவர், இந்தியக் கால்பந்தின் மகா குரு எஸ்.ஏ.ரஹீம். பயிற்சிக்காக தினமும் ஹைதராபாத் வந்துபோக பையனிடம் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு குருவே பணம் கொடுத்தாராம்!

இருபது வயதில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். நாலாவது இடம் பிடித்த அந்த இந்திய அணியில் பலராமும் ஒருவர். அடுத்தது 1960 ரோம். அங்கே ஹங்கேரி என்ற மலையோடு மோதி 2-1 என்றுதான் தோற்றோம். நம் பக்கத்து ஒரே கோல் பலராமுடையது! 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்து, ஜப்பான் இரண்டு அணிகளுக்கு எதிராகவும் கோல் போட்டார். தங்கம் நமக்கு!

உள்ளூரிலும் சளைத்தவரில்லை. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக நூறு கோல்களுக்கு மேல். 1961-ல் அவர்தான் கேப்டன். அந்த ஒரே லீக் சீஸனில் 23 கோல், கோப்பையும் கையில்! சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, பலராம்... மும்மூர்த்திகள் என்று ஊரே கொண்டாடியது.

அப்புறம்தான் இடி. 1963-ல் காசநோய். உச்சத்தில் இருந்தவரின் சர்வதேச ஆட்டம் இருபத்தேழு வயதில் முடிந்தது.

கூட ஆடிய சுனிக்கு 1983-லும், பி.கே.வுக்கு 1990-லும் பத்மஸ்ரீ. பலராமுக்கு 1962-ல் கிடைத்த அர்ஜுனா விருதோடு சரி. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-ல் 86 வயதில் கண்மூடினார்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. அப்படியென்றால், அன்று ஹங்கேரியின் வலைக்குள் அவர் அனுப்பிய பந்துக்கு என்ன மதிப்பு? பத்மஸ்ரீயை விடுங்கள்... பெயரையாவது நாம் ஞாபகம் வைத்திருக்கலாமே!