ஆசானும் வழிகாட்டியும்

கரமனைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தமிழ். வீதி மொழி மலையாளம். இவ்விரண்டிற்கும் நடுவே அவர்தம் தமிழறிவை வளர்த்துவிடுவார் யார் என்னும் கவலை பெற்றோர்க்கு எந்நாளும் உண்டு. நம் நகரின் கல்லூரி வரலாற்றிலேயே அதற்கு விடை காணலாம்.

ஆலப்புழையிற் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கினார். 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டவர் அவரே. தம்மை ஆதரித்து ஊக்கிய பேராசிரியர் ஹார்வியை அவர் மறக்கவில்லை. பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த மனைக்கு 'ஹார்விபுரம்' என்றே பெயரிட்டார். பெற்ற கடனை அடுத்த தலைமுறைக்குச் செலுத்தவும் செய்தார். நாகப்பட்டினத்து இளைஞர் வேதாசலம் அவரை நாடி இந்நகருக்கு வந்தார். அவர் இக்கல்லூரி மாணவர் அல்லர். ஆயினும் பேராசிரியர் அவ்விளைஞரின் தமிழறிவை ஆராய்ந்து மகிழ்ந்து நற்சான்று வழங்கினார். சில காலம் இந்நகரப் பள்ளியொன்றிற் கற்பித்த அவ்விளைஞர், 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியரானார். மறைமலையடிகள் என்று உலகம் போற்றுவது அவரைத்தான்.

ஆனால் அக்கால வழிகாட்டல் தனி மனிதர் பரிவைச் சார்ந்தது. அறிமுகமில்லா ஏழை மாணவனுக்கு அக்கதவு திறத்தல் அரிது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் நிலை மாறலாயிற்று. அதன் தமிழ் ஆராய்ச்சித் துறைக்கு மு. இராகவையங்காரும், அவர்க்குப்பின், முன்னர் இந்நகரில் வழக்கறிஞராயிருந்த ச. வையாபுரிப் பிள்ளையும் தலைமை தாங்கினர். அடுத்து வந்த வ. அய். சுப்பிரமணியம், புறநானூற்றுக்குத் தாமே சொல்லடைவு செய்து 1962இல் வெளியிட்டார். பழைய நூல்களை மாணவர்க்குப் பகுத்துக் கொடுத்து, அவற்றின் மொழியமைப்பை ஆராயச் செய்தார். சான்றிதழ் அளித்த ஆசான், இவ்வாறு வேலையைப் பகிர்ந்தளிக்கும் வழிகாட்டி ஆனார்.

இம்மாற்றத்தால் வந்த நன்மை பெரிது. தகுதியுடைய எவரும் விண்ணப்பித்துச் சேரும் வாயில் திறந்தது. எனினும் 'வழிகாட்டி' என்பது பதிவேட்டில் எழுதும் பெயராய்ச் சுருங்கிவிடும் அச்சமும் உடன் வந்தது. மதிப்பெண் கேட்டு மட்டும் ஆசிரியரிடம் செல்லும் மாணவன் மதிப்பெண்ணோடு திரும்புவான். ஐயங்களோடு செல்பவனே மாணாக்கன் ஆவான்.

ஆதலின் பெற்றோரே, நும் மக்களைக் கல்லூரியிற் சேர்ப்பதோடு அமையாதீர். அங்குள்ள தமிழாசிரியரைத் தேடிச் சென்று பழகச் செய்யுங்கள். வேதாசலத்தை நினைந்து பாருங்கள். அவர்தாம் நாடி வந்தார்.