நரம்புத் தளர்ச்சி: மனச்சோர்வுக்கு இருந்த இன்னொரு பெயர்

இன்று மருத்துவர்கள் மனச்சோர்வு என்று குறிக்கும் நோய்க்கு எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இதே பெயர் இருந்ததில்லை. அதற்கு வழங்கிய பெயர்களுள் நீண்ட தூரம் பயணம் செய்தது நரம்புத் தளர்ச்சி (நியூரஸ்தீனியா). அமெரிக்காவில் புகழ்பெற்ற இப்பெயர், ஜப்பான் வழியாகச் சீனாவை அடைந்தது. அமெரிக்க மருத்துவம் அதைக் கைவிட்ட பின்னும் சீன மருத்துவமனைகளில் அது வாழ்ந்தது. தமிழ் வாசகர்களுக்கு இச்சொல் சுவர் விளம்பரங்களிலும் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும் ஆண்மைக்குறைவுக்குப் பக்கத்தில் அச்சாகி வருவதாகவே அறிமுகம். அதற்கு ஒரு மருத்துவ வரலாறும் உண்டு.

தோற்றம்

1869ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட் இப்பெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனித உடலில் நரம்பு ஆற்றல் ஓர் அளவுக்குத்தான் உண்டு. வரவை மீறிச் செலவழித்தால் தலைவலி, தூக்கமின்மை, அசதி, காரணமற்ற அச்சம், நம்பிக்கையிழப்பு ஆகியவை தோன்றும் என்பது அவர் கருத்து. 1881இல் எழுதிய நூலில் நீராவி இயந்திரம், தந்தி, பத்திரிகைகள், அறிவியல், பெண்களின் கல்வி ஆகியவற்றை இதற்குக் காரணங்களாகக் கூறினார். மூளையால் உழைக்கும் மேல்தட்டினரின் நோய் இது என்று அவர் சொன்னதால், நோயாளிக்கு வெட்கம் இல்லாமல் போனது. பைத்தியம் என்ற சொல்லுக்கு அஞ்சியவர்கள் நரம்புத் தளர்ச்சி என்று தயங்காமல் சொல்லிக்கொள்ள முடிந்தது.

சிகிச்சை ஆளைப் பொறுத்து மாறியது. பியர்ட் மெல்லிய மின்சாரத்தை உடலில் செலுத்தினார். பிலடெல்பியாவின் சைலஸ் வெயர் மிட்செல் பெண்களைப் படுக்கையில் கிடத்தி, பால் கொடுத்து, படிக்கவும் எழுதவும் தடை விதித்தார். 1887இல் அவரிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அந்த ஓய்வு தன்னைப் பைத்தியத்தின் விளிம்புக்கே கொண்டுசென்றது என்று பின்னர் கூறினார். 1892இல் வெளியான அவரது 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

ஜப்பானில்

ஜப்பானியர் இதைச் 'சிங்கேய் சுயிஜாக்கு' என்று மொழிபெயர்த்தனர். நாவலாசிரியர் நட்சுமே சோசெகி உள்ளிட்ட படித்தவர்களிடையே இது பரவலாக அறியப்பட்ட நோயாயிற்று. இளமையில் இதே நோய் உள்ளவர் எனக் கூறப்பட்ட மோரிட்டா ஷோமா, பின்னர் மனநல மருத்துவராகி 1919 அளவில் தமது சொந்தச் சிகிச்சை முறையை வகுத்தார். முதலில் சில நாள் தனிமையில் முழு ஓய்வு; அடுத்து இலேசான வேலை; பிறகு கடின வேலை; இறுதியில் வழக்கமான வாழ்க்கை. அச்சத்தையும் சோர்வையும் விரட்ட முயலாமல், அவை இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வது இதன் அடிப்படை. மிட்செலின் படுக்கை ஓய்வோடு தொடங்கி அதற்கு நேர் எதிரான இடத்தில் முடியும் முறை இது. மோரிட்டா சிகிச்சை இன்றும் வழக்கில் உள்ளது.

சீனாவில்

ஜப்பானிய எழுத்துருக்களையே சீனரும் படிக்க முடிந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் 'ஷென்ஜிங் ஷுவாய்ரோ' என்ற ஒலிப்புடன் எளிதில் அங்கே குடியேறியது. உடலின் ஆற்றல் குன்றுவதால் நோய் வரும் என்ற கருத்து சீன மருத்துவத்துக்குப் பழையது. ஆகவே புதிய பெயர் அந்நியமாகத் தோன்றவில்லை. 1950களுக்குப் பின் இது மிகச் சாதாரணமான நோயறிதலாயிற்று.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், சாங்ஷா நகரில் இருந்த ஹூனான் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நரம்புத் தளர்ச்சி எனக் குறிக்கப்பட்ட 100 நோயாளிகளை அமெரிக்க அளவுகோலின்படி ஆராய்ந்தபோது, 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. அவர்கள் சொல்லி வந்ததோ தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவற்றை.

சீனர்களுக்கு மனத்துயரைச் சொல்லத் தெரியாது, உடலைத்தான் சொல்லத் தெரியும் என்று இதற்கு அவசரமாகப் பொருள் கொள்வோர் உண்டு. அது சரியான வாசிப்பு அன்று. 1966 முதல் 1976 வரை நடந்த பண்பாட்டுப் புரட்சியில் மனநோய் தவறான அரசியல் சிந்தனையாகக் கருதப்பட்டது. வாழ்வில் நம்பிக்கை போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அது புரட்சியின் மீதான அதிருப்தியாகக் கேட்கக்கூடும். தலைவலிக்கு அந்த ஆபத்து இல்லை. மேலும், வேலையிடத்தையும் வசிக்கும் ஊரையும் அரசே முடிவு செய்த நாட்டில், விடுப்புக்கோ இடமாற்றத்துக்கோ மருத்துவரின் சீட்டு சில வேளை கடைசி வழியாக இருந்தது. கேட்பவர் யார் என்பது தெரிந்தே அவர்கள் பேசினார்கள்.

கிளைன்மன் மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தபோது பெரும்பாலோரின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் குடும்பத்தைப் பிரிந்து வாழ்வது, ஒவ்வாத வேலை போன்ற சிக்கல் தீராதவர்கள் பலர் இன்னும் நோயாளிகளாகவே தம்மைக் கருதினர். அவரது ஆய்வில் என்னைப் பொறுத்தவரை 87 என்ற எண்ணைவிட முக்கியமானது இதுதான். சீன மருத்துவர்களோ வேறொரு கேள்வியை எழுப்பினர்: அமெரிக்கப் பட்டியல் உண்மையான பெயர், எங்களுடையது முகமூடி என்று யார் முடிவு செய்தது? கிளைன்மன் பயன்படுத்திய அளவுகோலே 1980இல்தான் வெளியாகியிருந்தது. நரம்புத் தளர்ச்சியை நீக்கியதும் அதே பதிப்புத்தான்.

பெயர் மாறிய பின்

ஜப்பானில் மனச்சோர்வு நீண்டகாலம் அரிய, கடுமையான நோயாகக் கருதப்பட்டது. 1999இலும் 2000இலும் புதிய வகை மருந்துகள் விற்பனைக்கு வந்தபோது, மனச்சோர்வு 'மனத்துக்கு வந்த சளி' என்று மக்களுக்கு அறிமுகமானது. சளி யாருக்கும் வரும், மருந்துக்குப் போகும் என்ற இந்த ஒப்புமை விற்பனைக்கு மிகவும் உதவியது. அது நோயைச் சிறிதாக்கிவிட்டது என்ற கண்டனமும் எழுந்தது.

அதே 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இதை வேறு திசையிலிருந்து பார்த்தது. ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தின் இளம் ஊழியர், பல மாதம் அளவுகடந்து உழைத்து, மனச்சோர்வுற்று, 1991இல் தற்கொலை செய்துகொண்டார். அவரது மரணத்துக்கு நிறுவனமே பொறுப்பு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் மனச்சோர்வு என்ற சொல் ஜப்பானியத் தொழிலாளர் வழக்குகளில் இழப்பீடு கேட்க உதவும் சொல்லாகவும் ஆயிற்று. சாங்ஷாவில் மருத்துவச் சீட்டு மறைமுகமாகக் கேட்டதை இங்கே வழக்கறிஞர் நேரடியாகக் கேட்டார்.

சீனாவிலும் 1990களுக்குப் பின் மனச்சோர்வு என்ற பெயர் முன்னுக்கு வந்தது. 2001இல் வெளியான சீன நோய்ப் பட்டியலில் நரம்புத் தளர்ச்சி ஓர் ஓரத்தில் இடம்பெற்றிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பிலும் அது இருந்தது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் அது தனி நோயாக இல்லை.